மேஜர் கழித்த திருஷ்டி

ஒரு காரியத்தைக் கெடுக்க விரோதி தேவையில்லை. அக்கறையுள்ளவர்கள் நாலு பேர் ஓர் இடத்தில் கூடினால் போதும். இதை நான் அனுபவித்துச் சொல்கிறேன். பெங்களூர் ஆடுகோடியில், ஓர் ஆயுத பூஜை நாளின் காலையில், வயதான நாய் ஒன்றை வெறும் பக்தியாலேயே பரலோகம் அனுப்பப் பார்த்த நாலு பேரில் நான்தான் முதல் ஆள். மற்ற மூன்று பேரும் என் பேச்சைக் கேட்டவர்கள். (கேட்டது அவர்கள் தப்பு.)

அப்போது எனக்குக் கல்யாணமாகி ஒரு வருடம். கம்ப்யூட்டரில் படம் வரையத் தெரிந்தவனுக்கு உலகம் கையில் என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்த காலம். ஆம்பூரிலிருந்து டிப்ளமோவும் தலைக்கனமுமாக வந்து இறங்கிய என்னை, என் மனைவி வனஜாவின் அண்ணன் சம்பங்கி தன்னுடைய இரும்புப் பட்டறையில் சேர்த்துக்கொண்டார். கேட், கிரில், மாடிப்படி, தண்ணீர்த் தொட்டிக்கு ஸ்டாண்டு என்று வேலை வந்துகொண்டே இருக்கும். நான் கம்ப்யூட்டரில் மூன்று கோணத்தில் படம் வரைந்து கொடுப்பேன். வெல்டர் ஜபார் பாய் அதை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, தன் இஷ்டத்துக்குச் செய்வார். எல்லாம் கச்சிதமாக வந்து சேரும். என் படத்தால்தான் அப்படி வருகிறது என்று நான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். பட்டறைக்குப் பின்னாலேயே இரண்டு அறை வீட்டில் நானும் வனஜாவும் குடியிருந்தோம்.

மிஸஸ் பெரைரா எங்கள் வாடிக்கையாளர். கைவிடப்பட்ட நாய்களைத் தன் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்பவர். கூண்டுகளுக்குக் கதவு செய்யக் கொடுத்திருந்தார். கதவுகளை எடுத்துப் போக வந்த அன்று, தன் மாருதி வேனிலிருந்து முதலில் ஒன்றை இறக்கினார்.

“மூணே வாரம்ப்பா. என் வீட்ல பதினோரு நாய் இருக்கு. அதுங்க குலைச்சா இவனுக்கு மூச்சு வாங்குது. ஆபரேஷன் ஆகுற வரைக்கும் அமைதியா ஒரு எடம் வேணும்.”

அமைதியான இடம் என்று அவர் தேர்ந்தெடுத்தது, நாள் முழுக்கக் கிரைண்டர் அலறும் எங்கள் பட்டறையை. கேட்டதற்கு, “அவனுக்குக் காது முக்கால்வாசி போச்சுப்பா. மத்த நாய்ங்க சத்தம் மட்டும் எப்படியோ கேக்குது” என்றார். எங்கள் வீட்டில் ஒரு சித்தப்பாவுக்கும் அப்படித்தான், கடன் கேட்டால் காது கேட்காது. அதனால் நம்பினேன்.

இறங்கியது ஒரு புல்டாக். அதுவரை நான் படத்தில் மட்டுமே பார்த்திருந்த இனம். பதினோரு வயது. முகம் முழுக்க மடிப்பு, மடிப்புக்குள் மடிப்பு. மூக்கை யாரோ கட்டைவிரலால் உள்ளே அழுத்திவிட்டு மறந்து போயிருந்தார்கள். கீழ்ப்பல் இரண்டு வெளியே எட்டிப் பார்த்தன. இப்படி ஓர் உயிரைச் செய்து முடித்த பிறகு, கடவுளே இரண்டடி பின்னால் போய் நின்று கொஞ்ச நேரம் பார்த்திருப்பார் என்று தோன்றியது.

வனஜா குனிந்து பார்த்தாள். “ஏங்க, இது அழுவுதா, சிரிக்குதா?”

கடைசி வரை எங்களால் அதைக் கண்டுபிடிக்க முடியவில்லை.

பெயர் மேஜர். வளர்த்தவர்கள் வெளிநாட்டுக்குக் குடிபெயர்ந்தபோது பங்களாவைப் பூட்டி, இவரைப் போர்ட்டிகோவில் விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். பக்கத்து வீட்டு வாட்ச்மேன் பன்னும் டீயும் கொடுத்துப் பன்னிரண்டு நாள் காப்பாற்றியிருக்கிறார். அந்தப் பன்னிரண்டு நாளும் கேட்டைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாராம். (“இருந்ததாம்” என்றுதான் எழுத வேண்டும். ஆனால் ஜபார் பாய் முதல் நாளே “மேஜர் சாப்” என்று ஆரம்பித்துவிட்டார். அதன் பிறகு பட்டறையில் யாருக்கும் அவரை ஒருமையில் பேச வாய் வரவில்லை. என்னை எல்லோரும் ஒருமையில்தான் பேசினார்கள்.)

அவருக்கு என்ன வியாதி என்று கேட்பதைவிட என்ன வியாதி இல்லை என்று கேட்பது சுலபம். கண்ணுக்குச் சொட்டு மருந்து, காதுக்கு வேறொரு சொட்டு மருந்து. முக மடிப்புகளைத் தினம் துடைத்து, ஈரம் போகப் பவுடர் போட வேண்டும். வனஜா என் பழைய வேட்டியைக் கிழித்து அந்த வேலையை எடுத்துக்கொண்டாள். முதுகெலும்பில் கோளாறு, பின்னங்கால்கள் இழுத்தன. மூக்குத் துளைகள் குண்டூசி முனை அளவு, அதனால் மூச்சு போதவில்லை. மூச்சு போதாததால் இதயம் வீங்கியிருந்தது. அந்த மூக்கைப் பெரிதாக்கத்தான் ஆபரேஷன்.

அவரைப் பார்த்துக்கொண்ட டாக்டர், அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கன்னடக்காரர். விவேக் நகரில் வீடு. முன்னறைதான் கிளினிக். என்னை உட்கார வைத்து நிதானமாகச் சொன்னார்:

“மூணு கிலோ எளைக்கணும். அன்னம் பேடா, அரிசியே வேணாம். காய் வேக வெச்சுக் கொடு. ஓடக் கூடாது, பயப்படக் கூடாது, ரொம்ப சந்தோஷமும் படக் கூடாது. ஹார்ட் தாங்காது. நாக்கைப் பாத்துக்கிட்டே இரு. ரோஸ் கலர்ல இருந்தா சரி. நீலமா மாறுச்சுன்னா வீட்டைக்கூடப் பூட்டாதே, அப்படியே தூக்கிட்டு ஓடி வா. பத்து நிமிஷம்தான்.”

வேறு யாராக இருந்தாலும் சரி என்று சொல்லிவிட்டு நாக்கைப் பார்த்திருப்பார்கள். நான் டிப்ளமோ ஆயிற்றே! கேட்டுக்கு அடிக்கிற பெயிண்டின் கலர் கார்டு ஒன்று பட்டறையில் இருந்தது. அதை எடுத்து மேஜரின் நாக்கோடு ஒட்டிப் பார்த்து, சரியான ரோஸுக்குப் பேனாவால் டிக் போட்டேன். ஊதாவுக்குக் கேள்விக்குறி. நீலத்துக்குப் பக்கத்தில் “ஓடு” என்று எழுதினேன். காலை, மதியம், மாலை மூன்று வேளையும் கார்டும் கையுமாக அவர் முன்னால் மண்டியிட்டேன். மேஜர் ஒவ்வொரு முறையும் நாக்கை நீட்டிக் காட்டிவிட்டு, கார்டையும் ஒரு நக்கு நக்கிக் கொடுத்தார்.

காய்க்கு நான் தேர்ந்தெடுத்தது சாம்பல் பூசணி. தண்ணீர்ச் சத்து அதிகம், கொழுப்பு கிடையாது, விலையும் மலிவு. வேக வைத்து, ஆற வைத்து, தட்டில் போட்டால் மேஜர் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடுவார். முதல் வாரத்திலேயே, வனஜா அரிவாள்மணையில் பூசணியைப் பிளக்கிற அந்தச் சத்தம் அவருடைய கேட்காத காதுக்கும் எட்ட ஆரம்பித்தது. இரும்பு எடை போடுகிற தராசில் நிறுத்திப் பார்த்தோம். ஒன்றரை கிலோ குறைந்திருந்தது. பூசணி என்னுடைய கண்டுபிடிப்பு என்று மிஸஸ் பெரைராவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அந்தப் பெருமைக்குக் கிடைத்ததுதான் இந்தக் கதை.

இரண்டாவது வாரத்தில் ஒரு மத்தியானம், ஜபார் பாய் வேலையை நிறுத்திவிட்டு மேஜர் நடப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். முன்னங்கால்கள் நடந்தன, பின்னங்கால்கள் தரையில் தேய்ந்தபடி வந்தன.

“அரே, இன்னா பாய் இது? முன்பாதி டூட்டிக்குப் போவுது, பின்பாதி லீவு போட்டுப் படுத்துக்கிது. ஒரு வண்டி கட்டிக் குடுத்துடலாமா?”

நான் உடனே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து இரண்டு நாள் வரைந்தேன். மேலிருந்து, பக்கத்திலிருந்து, பின்னாலிருந்து. அபாரமான படம். செய்து பார்த்திருந்தால் மேஜர் மலஜலம் கழிக்க வேண்டிய இடத்தில் ஒரு குறுக்குக் கம்பி வந்திருக்கும். ஜபார் பாய் படத்தை வழக்கம்போல மடித்துப் பையில் வைத்தார். ஒரு சணல் கயிற்றால் மேஜரை அங்கங்கே அளந்து முடிச்சுப் போட்டுக்கொண்டார். மெல்லிய பைப்பு, உடைந்த குழந்தை சைக்கிளின் சக்கரம் இரண்டு, பழைய ஸ்கூட்டர் சீட்டின் ரெக்ஸின். ஒன்றரை மணி நேரத்தில் வண்டி தயார். வயிற்றைச் சுற்றி வருகிற பட்டைக்குப் பத்தாம் நம்பர் நட்டு இரண்டு.

பின்னங்கால்களை ரெக்ஸின் தொட்டிலில் தூக்கி வைத்து நட்டை முடுக்கினோம். மேஜர் அசையாமல் நின்றார். பிறகு கழுத்தைத் திருப்பித் தன் பின்பாதியை ஒரு முறை பார்த்தார். ஓர் அடி வைத்தார். பின்பாதி கூடவே வந்தது. நின்றார். மறுபடி திரும்பிப் பார்த்தார். இன்னோர் அடி. அதுவும் வந்தது. எதற்கெடுத்தாலும் கத்துகிற மச்சான் சம்பங்கி, கையில் எடுத்த பீடியைப் பற்ற வைக்காமல் நின்றார். பத்தடி நடந்து, சுவர் வந்ததும் அதில் நெற்றியை முட்டிக்கொண்டு மேஜர் நின்றபோது, எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எத்தனையோ கேட், எத்தனையோ கிரில் செய்த இடம் அது. அன்றைக்குத்தான் அங்கே என்னவோ ஒன்று உண்மையாகச் செய்யப்பட்டது போல இருந்தது.

டாக்டரும் அனுமதி கொடுத்தார். “மெதுவா, பத்து பத்து அடி. ஓட மட்டும் விடாதே.”

“இவராவது, ஓடறதாவது சார்!” என்று நான் சிரித்தேன்.

ஆயுத பூஜை வந்தது. ஆபரேஷனுக்கு இன்னும் மூன்று நாள். பெங்களூரில் பட்டறைக்காரர்களுக்குத் தீபாவளிகூட அதற்குப் பிறகுதான். முதல் நாளே எல்லாக் கருவிகளையும் மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்தோம். ஸ்பேனர், சுத்தியல், வெல்டிங் ஹோல்டர், டிரில், என் கம்ப்யூட்டர் எல்லாம் பலகையில் ஏறிச் சந்தனமும் குங்குமமும் வாங்கிக்கொண்டன. பூஜையில் வைத்ததை அன்றைக்கு எடுக்கக் கூடாது. மறுநாள்தான் தொட வேண்டும். இதில் எங்கள் எல்லோரையும்விடக் கறாரானவர் ஜபார் பாய். போன வருடம் மச்சான் ஓர் ஆணி அடிக்கச் சுத்தியலை எடுக்கப் போனபோது, “சும்மா இரு சம்பங்கி, அது இன்னைக்கு ரெஸ்ட்டுல கீது” என்று கையைத் தட்டிவிட்டவர்.

லக்கேஜ் ஆட்டோவுக்கு இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டி, மூன்று சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன்.

“மச்சான், மேஜரோட வண்டிக்குப் பூஜை இல்லையா? அதுவும் புது வண்டிதானே? ரெண்டு சக்கரம் இருக்குதில்ல?”

மச்சான் யோசித்தார். சாஸ்திரப்படி அவரால் அதை மறுக்க முடியவில்லை. “கரெக்ட்டு மாப்ளே. நம்ம கடையில செஞ்ச வண்டி. பூஜை இல்லாம ரோட்டுல எறக்கக் கூடாது.”

ஸ்பேனர் பலகை ஏறுவதற்கு முன்பே நட்டை முடுக்கி மேஜரை வண்டியில் நிறுத்தியிருந்தோம். வனஜா வண்டிக்குச் சாமந்தி மாலை சுற்றினாள். மேஜருக்கும் ஒரு சின்ன மாலை. நெற்றியில் எந்த மடிப்பில் பொட்டு வைப்பது என்று கொஞ்ச நேரம் தேடி, மேலிருந்து மூன்றாவதில் வைத்தாள். இரண்டு சக்கரத்துக்கு முன்னாலும் எலுமிச்சம்பழம் வைத்தோம். வண்டி முன்னால் போய்ப் பழத்தை நசுக்க வேண்டும், அதுதான் முறை. மேஜர் நகரவில்லை. கூப்பிட்டோம், கேட்கவில்லை. கை தட்டினோம், எங்களைப் பார்த்தார். அழுகிறாரா சிரிக்கிறாரா தெரியவில்லை.

“சரி, பூசணியை ஒடைச்சிடறேன். அவரு மெதுவா வரட்டும்” என்றார் மச்சான்.

திருஷ்டிப் பூசணி தெரியும்தானே? சாம்பல் பூசணியின் தலையில் ஒரு மூடி வெட்டி, உள்ளே குங்குமத்தைக் கொட்டி, கற்பூரம் ஏற்றி, மூன்று சுற்றுச் சுற்றி, நடுத்தெருவில் போட்டு உடைப்பது. மச்சான் கேட்டுக்கு வெளியே போய்த் தலைக்கு மேலே தூக்கி ஓங்கி அடித்தார்.

பூசணி பிளக்கிற சத்தம்.

அதற்கப்புறம் நடந்ததை இன்றைக்கும் என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை. மேஜர் தலையைத் தூக்கினார். அடுத்த நொடி எலுமிச்சம்பழம் இரண்டும் நசுங்கியிருந்தன. நாங்கள் கை தட்டினோம். நான்தான் பலமாகத் தட்டினேன். எங்கள் கைத்தட்டல் முடிவதற்குள் அவர் கேட்டைத் தாண்டியிருந்தார். ஓடினார்! பதினோரு வயது, வீங்கிய இதயம், குண்டூசி மூக்கு, சைக்கிள் சக்கரம் எல்லாவற்றோடும், மாலை காற்றில் பறக்க, தெருவில் அத்தனை பேரும் பார்க்க, இருபதடி ஓடினார். இருபத்தாறு வயதான நான் துரத்தினேன், பிடிக்க முடியவில்லை. பயத்தையும் மீறி, ஐயோ என்ன அழகு என்று ஒரு நினைப்பு எனக்குள் ஓடியதை ஒப்புக்கொள்கிறேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது அவர் முகத்தை முழுசாகப் பூசணிக்குள் புதைத்திருந்தார். இழுத்து வெளியே எடுத்தேன். முகம், மடிப்பு, தாடை, நாக்கு எல்லாம் குங்குமம். மூச்சு ரம்பம் அறுப்பது போல வந்தது. முன்னங்கால்கள் நடுங்கின. நாக்கு வெளியே தொங்கியது.

“நாக்கு என்ன கலரு பாருங்க!” என்று வனஜா கத்தினாள்.

கார்டை எடுத்துக்கொண்டு ஓடி வந்தேன். (அந்த நேரத்திலும் கார்டு!) ரோஸ் இல்லை, ஊதா இல்லை, நீலமும் இல்லை. மச்சான் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். “மாப்ளே, இது சிக்னல் ரெட்டு. அதுக்கு இன்னா எழுதி வெச்சிருக்கே?”

ஒன்றும் எழுதி வைத்திருக்கவில்லை. குங்குமத்துக்கு அடியில் அவர் நாக்கு ரோஸாக இருக்கலாம், நீலமாகவும் இருக்கலாம். பத்து நிமிஷம்தான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தண்ணீர் ஊற்றிக் கழுவினோம். மலிவுக் குங்குமம், கழுவக் கழுவ நிறம் ஏறியது. பட்டறைப் போனிலிருந்து மிஸஸ் பெரைராவைக் கூப்பிட்டேன்.

“மேடம், மேஜருக்கு மூச்சு வாங்குது.”

“நாக்கு என்ன கலர்?”

“சிவப்பு மேடம்.”

“சிவப்புன்னா, பிங்க்கா?”

“இல்ல மேடம். குங்குமம்.”

“குங்குமம் எப்படிப்பா நாக்குக்குப் போகும்?”

“பூசணிக்காய்ல இருந்து மேடம்.”

“அதுக்குள்ள எப்படி—” என்று ஆரம்பித்தவர், பெங்களூரில் பிறந்து வளர்ந்தவர், தானே புரிந்துகொண்டார். அவர் அப்போது என்னைப் பற்றிச் சொன்ன ஆங்கில வார்த்தைகளில் பாதிக்கு எனக்கு அன்று அர்த்தம் தெரியாது. பிறகு தெரிந்துகொண்டேன். எல்லாம் நியாயமானவையே. கடைசியில் “டாக்டர்கிட்ட ஓடு!” என்றார்.

வண்டியைக் கழற்றி மேஜரைத் தூக்கலாம் என்றால் பட்டையில் பத்தாம் நம்பர் நட்டு. பத்தாம் நம்பர் ஸ்பேனர் பூஜையில் இருந்தது. நான் ஜபார் பாயைப் பார்த்தேன். ஜபார் பாய் பலகையைப் பார்த்தார். “வேணாம் பாய். வண்டியோடவே தூக்கு” என்றார். நாலு பேருமாக மேஜரை மாலையும் வண்டியுமாக ஆட்டோவின் பின்னால் ஏற்றினோம். மச்சான் ஓட்ட, நான் பின்னால் அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன்.

ஆயுத பூஜை அன்று பெங்களூர்ச் சாலையில் பத்தடிக்கு ஒரு பூசணி உடைந்து கிடக்கும். ஒவ்வொரு பூசணிக்கும் மேஜர் எழுந்திருக்கப் பார்த்தார். வாழைக்கன்று கட்டிய வண்டியில், மாலையும் பொட்டுமாக, வாயெல்லாம் சிவப்பாக நிற்கிற உருவத்தைப் பார்த்து, சிக்னலில் ஒரு பெரியவர் ஸ்கூட்டரை நிறுத்திக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். என்ன சாமி என்று நினைத்தாரோ தெரியாது.

சிரிப்பாகத்தான் சொல்கிறேன். ஆனால் அந்த வண்டியில் நான் அழுதேன். வளர்த்தவர்கள் அவரைப் பூட்டிய கேட்டுக்குள் விட்டுவிட்டுப் போனார்கள். அதையும் தாங்கிக்கொண்டு வந்தவரை, மாலை போட்டுப் பொட்டு வைத்து, கை தட்டி நான் கொல்லப் போகிறேன். அவரோ தலையை என் மடியில் சாய்த்து, என் சட்டையில் குங்குமத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் வீட்டு வாசலில் பெரிய ரங்கோலி. உள்ளே ஒரு மேஜையில் ஸ்டெதாஸ்கோப், தெர்மாமீட்டர், ஊசி, கத்தரி எல்லாம் வரிசையாகப் பொட்டு வைத்துக்கொண்டு, சரஸ்வதி படத்துக்கு முன்னால் இருந்தன. டாக்டர் மேஜரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மேஜையைப் பார்த்தார். கை ஸ்டெதாஸ்கோப்பை நோக்கிப் போனது.

“ரீ, அதை முட்டபேடி!” என்று அவருடைய மனைவி உள்ளேயிருந்தே கணவரைத் தடுத்தார். தொடக் கூடாதாம்.

டாக்டர் கையை இழுத்துக்கொண்டார். “சரி. காதை நான் பூஜையில வெக்கலையே” என்றார்.

புதுப் பட்டு வேட்டியோடு அப்படியே வராந்தாவின் சிவப்புத் தரையில் படுத்தார். அறுபத்தைந்து வயது மனிதர், மேஜரின் விலாவில் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். தெருவில் எங்கேயோ பூசணி உடைந்தது. மேஜரின் உடம்பு ஒரு முறை துள்ளியது. டாக்டர் காதை எடுக்கவில்லை. வெகு நேரம் கேட்டார். பிறகு எழுந்து, மேஜரின் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தார். உள்ளே நல்ல ரோஸ்.

“நாக்குதான் சிவப்பாச்சு. கண்ணுக்குள்ள பாக்கலாமே? உனக்குத் தோணலையா?”

தோணவில்லை. என் கார்டில் கண் இல்லை.

“இங்கே வா. நீயும் கேளு” என்றார்.

நான் படுத்து, அந்த ஈரமான, நாற்றமடிக்கிற, சாமந்திப்பூ ஒட்டிய விலாவில் காதை வைத்தேன். முதலில் மூச்சின் இரைச்சல். அதற்குக் கீழே, ஆழத்தில், வேறொரு சத்தம். வயதானவர் ஒருவர் செருப்புப் போட்டுக்கொண்டு மாடிப்படி ஏறுவது போல. ஏறி, ஏறி, நடுவில் நின்றார். அவ்வளவுதான் என்று நினைத்தேன். மறுபடி ஏறினார். நான் அதுவரை கோயிலில்கூட அவ்வளவு பயபக்தியோடு தலை வைத்ததில்லை.

“இந்த ஹார்ட்டு போன வருஷமே நின்னிருக்கணும். நான் படிச்சதெல்லாம் அப்படித்தான் சொல்லுது” என்றார் டாக்டர். “ஏன் நிக்கலைன்னு எனக்குத் தெரியாது. இன்னைக்கு ஓடியும் இருக்குது. திங்கக்கிழமை கூட்டிட்டு வா, ஆபரேஷன் பண்ணலாம். இது தாங்கும்.”

நான் கைகூப்பி எழுந்திருக்கவும், மேஜர் வண்டியோடு வாசலுக்கு நகர்ந்து ஒரு முறை குலுங்கவும் சரியாக இருந்தது. தின்ற பூசணி மொத்தத்தையும், குங்குமத்தோடு, டாக்டர் மனைவி அதிகாலையில் எழுந்து இரண்டு மணி நேரம் போட்ட ரங்கோலியின் நட்டநடுவில் கக்கினார்.

அந்த அம்மா வாசலுக்கு வந்து பார்த்தார். மச்சான் ஆட்டோவின் பின்னால் ஒளிந்துகொண்டார். அம்மா சிவப்பைப் பார்த்தார், பூசணித் துண்டுகளைப் பார்த்தார், மாலை போட்டுக்கொண்டு நிற்கிறவரைப் பார்த்தார். முகத்தில் ஒரு பெரிய நிம்மதி வந்தது.

“நம்ம மனெ திருஷ்டி எல்லா ஹோயித்து” என்று சொல்லிவிட்டு, ஒரு சொம்பு தண்ணீர் எடுத்து வரப் போனார். வீட்டுத் திருஷ்டி எல்லாம் கழிந்ததாம்! டாக்டர் சிரிப்பை அடக்க முடியாமல் தூணைப் பிடித்துக்கொண்டார்.

திங்கட்கிழமை ஆபரேஷன் நடந்தது. மேஜர் பிழைத்தார். முதல் முறையாக மூக்கால் முழு மூச்சு இழுத்தபோது அவருக்கே அதிர்ச்சி. மூச்சைத் திரும்ப விடவே மனசில்லாமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். ஒரு மாதம் கழித்து, நல்ல குடும்பம் ஒன்று கிடைத்திருப்பதாகச் சொல்லி மிஸஸ் பெரைரா வேனோடு வந்தார். வனஜா மேஜரின் முகத்தைத் துடைத்துக்கொண்டே, “மூணு வாரம்னு சொன்னீங்க மேடம். எந்த மூணு வாரம்னு சொல்லலியே” என்றாள். அவர் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்து, “இந்த ஆளை மட்டும் பூஜை பக்கம் விடாதே” என்று வனஜாவிடம் சொல்லிவிட்டு, காலி வேனோடு போனார். மேஜர் இரண்டு வருடமும் நாலு மாதமும் எங்களோடு இருந்தார். ஒரு மழைக்காலத்துப் பிற்பகலில், தூக்கத்திலேயே, அந்தப் பெரியவர் மாடி ஏறி முடித்துவிட்டார்.

எங்கள் வீட்டு ஆயுத பூஜை இப்போதும் ஒரு கேள்வியோடுதான் நடக்கிறது. வனஜா குங்குமக் கிண்ணத்தோடு ஒவ்வொரு பொருளின் முன்னாலும் நின்று, “ஏங்க, இது திங்குமா?” என்று உரக்கக் கேட்பாள். நான் “திங்காது” என்று சொன்ன பிறகுதான் பொட்டு. வாஷிங் மெஷினுக்குக் கேட்பாள், மிக்சிக்குக் கேட்பாள், லேப்டாப்புக்குக் கேட்பாள். மேஜரைப் பார்த்தே இராத என் மகள், தோழிகளையெல்லாம் கூட்டி வந்து வைத்துக்கொண்டு கேட்பாள். கல்லூரிப் பெண்கள் ஆறு பேர் முன்னால் நின்று, ஸ்கூட்டி தின்னாது என்று நான் உறுதி சொல்லியிருக்கிறேன்.

பட்டறையில் மட்டும் கொஞ்சம் வேறு மாதிரி. மச்சானுக்கு இப்போது எழுபது வயது; பூசணி உடைக்கிற உரிமையை யாருக்கும் கொடுப்பதில்லை. தலையில் மூடி வெட்டியதும், குங்குமம் கொட்டுவதற்கு முன்னால், உள்ளேயிருந்து ஒரு வெள்ளைத் துண்டைத் தனியாக நறுக்கி எடுப்பார். சுவரில் மாட்டியிருக்கும் அந்த ரெண்டு சக்கர வண்டிக்குக் கீழே, தரையில், ஒரு தட்டில் அதை வைப்பார். நாங்கள் யாரும் எதுவும் கேட்பதில்லை.